முதல் நாற்பது நாளுக்கு ஒரு நிதி

வாசகர் கேள்வி: வழக்கறிஞர் பதில்

கடிதத்தின் சாரம் இது. எழுதியவருக்கு 38 வயது. உச்சிப்புளிப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர். 13 ஆண்டுகளாக ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அவருடைய ஊரிலிருந்து துபாய், ஷார்ஜா, குவைத், பஹ்ரைன், தம்மாம் என்று 140 பேர் வரை வெளிநாட்டில் இருக்கிறார்கள். பாதிப் பேர் முஸ்லிம்கள், மற்றவர்கள் மீன்பிடிக் குடும்பங்களைச் சேர்ந்த இந்துக்களும் கிறிஸ்தவர்களும். ஒன்றேகால் ஆண்டுக்கு முன் அஜ்மான் கேம்ப் ஒன்றில் இவர்களில் ஒருவர், 41 வயது, தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். உடல் ஊர் வந்து சேர 11 நாள் ஆயிற்று. ரூம் ரூமாகப் போய்த் திரட்டிய பணத்தில் உடலை அனுப்பியது போக மீதி, இறந்தவரின் அண்ணன் கணக்குக்குப் போனது. மனைவி கைக்கு எவ்வளவு வந்தது என்ற பேச்சு ஊரில் இன்னும் ஓயவில்லை. கம்பெனியிலிருந்து வரவேண்டிய கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) வரவில்லை.

அதன் பிறகு 112 பேர் சேர்ந்து ஆளுக்கு மாதம் 20 திர்ஹம் என்று ஓராண்டாகக் கட்டி வருகிறார்கள். இதில் 9 பேர் மலேசியக் குடியுரிமை வாங்கிய உறவுக்காரர்கள். சேர்ந்திருப்பது சுமார் 6,40,000 ரூபாய். முழுவதும் கடிதம் எழுதியவரின் சொந்த என்ஆர்இ கணக்கில் (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) இருக்கிறது. திட்டம் இப்படி: உறுப்பினர் இறந்தால் 5 லட்சம், வேலை போனால் டிக்கெட்டும் 50,000 ரூபாயும். ஊருக்கே திரும்பி வந்துவிட்டால் கட்டிய பணத்தைக் கொஞ்சம் கூட்டித் திருப்பித் தருவது. சும்மா கிடக்கும் பணத்தை உறுப்பினர்களுக்கே கடன் கொடுப்பது, பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருவர் பெயரில் மனை வாங்கிப் போடுவது. நிதியைப் பதிவு செய்ய வேண்டுமா, ஜமாஅத் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாமா, பொறுப்பில் பெண்களைச் சேர்க்க வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள். “எல்லாம் நம்பிக்கையில்தானே நடக்கிறது, பதிவு எதற்கு என்று பாதிப் பேர் கேட்கிறார்கள்” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த நோட்டுப் படங்களைத்தான் முதலில் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம் பெயர்கள், மேலே மாதங்கள், கட்டியவருக்குப் பச்சை மையில் டிக். குவைத்தில் வேலை போன இருவர் பெயருக்கு நேரே மட்டும் டிக் இல்லை. ‘பிறகு பார்க்கலாம்’ என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அவர்களைக் கடன்காரராக்க மனம் வராத ஒருவர் கையில் இந்த நிதி இருப்பது நல்லது. ஆனால் அதே நோட்டு, நீங்கள் போட்டிருக்கும் திட்டம் அப்படியே நடந்தால், ஒருநாள் உங்களுக்கு எதிரான ஆவணமாகவும் ஆகிவிடும். அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் 5 லட்சத்தைப் பேசிவிடுவோம். ஓராண்டு வசூல் 6,40,000. ஆண்டுக்கு ஒருவருக்கு மேல் போக மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் பஹ்ரைனில் ஒரே முதலாளியின் படகில் மீன்பிடிக்கப் போகிறார்கள் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படகை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆண்டில் இரண்டாவது வீட்டுக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. முதல் வீட்டுக்கு 5 லட்சமும் இரண்டாவது வீட்டுக்கு ஒன்றரை லட்சமும் போனால் அந்த மனத்தாங்கலை எந்த ஊரும் தாங்காது.

பெரிய தொகை கொடுப்பது இன்சூரன்ஸ் செய்ய வேண்டிய வேலை. அது நீங்கள் நினைப்பதைவிட மலிவு. உங்கள் ஒரு மாதச் சந்தா 20 திர்ஹம், சுமார் 475 ரூபாய். பிரதமரின் ஜீவன் ஜோதி பீமா திட்டத்துக்கு ஓர் ஆண்டுப் பிரீமியம் 436 ரூபாய். மாரடைப்போ நோயோ விபத்தோ, எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். சேர்ந்த முதல் 30 நாளில் விபத்துச் சாவுக்கு மட்டும்தான் பணம் வரும். சுரக்ஷா பீமா திட்டத்துக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு இன்னும் 2 லட்சம். இந்தியாவில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியரும் இவற்றில் சேரலாம், பணம் மட்டும் இந்திய ரூபாயில் வரும். இரண்டும் சேர்த்து 456 ரூபாய். அஜ்மானில் இறந்தவர் இதைக் கட்டியிருந்தால் அவர் மனைவியான அந்தச் சகோதரியின் கணக்குக்கு 2 லட்சம் வந்திருக்கும், யாரும் ரூம் ரூமாக ஏறி இறங்காமலேயே.

குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா கட்டாயம். 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம். விசிட் விசாவில் போய் அங்கே வேலை மாற்றிக்கொள்கிறவர்களுக்கு இது கிடைக்காமல் போகிறது என்பதை இளம்பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். துபாயில் இந்தியத் துணைத் தூதரகத்தின் முயற்சியால் 2024 மார்ச்சில் தொழிலாளர்களுக்கு ஒரு காப்பீடு வந்தது. ஆண்டுக்கு 37 முதல் 72 திர்ஹம் வரை கட்டினால், இயற்கை மரணத்துக்கும் சேர்த்து 35,000 முதல் 75,000 திர்ஹம் வரை கிடைக்கும். கம்பெனி வழியாகச் சேர வேண்டியது, ஆகவே உங்கள் கேம்ப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். வேலை போனால் தருவதற்கும் அமீரகத்தில் 2023 முதல் கட்டாயக் காப்பீடு இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹத்துக்குள் இருப்பவர் மாதம் 5 திர்ஹம் கட்டினால், தன் தவறில்லாமல் வேலை போகும்போது அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை வரும். சென்னையில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது, அதிலும் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் இருக்கும்போது நிதி எதற்கு என்று கேட்பீர்கள். இன்சூரன்ஸ் பணம் வர மாதங்கள் ஆகும். இறப்புச் சான்று வேண்டும், தூதரக முத்திரை வேண்டும், வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் என்று நடக்க வேண்டும். சாவு வீட்டுக்குப் பணம் தேவைப்படுவது அதற்கு முன்பு. மதுரை விமான நிலையத்திலிருந்து நடுராத்திரியில் குளிர்பெட்டி வண்டி வந்து நிற்கிறது, டிரைவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். வந்தவர்களுக்குச் சோறு ஆக்க வேண்டும். ஜூன் மாதமானால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம். மூன்றாம் நாள், கடன் கொடுத்தவர் திண்ணையில் வந்து உட்காருகிறார். கேட்கவில்லை, உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். பதினாறாம் நாள் காரியமோ நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவோ, அதுவரை அந்த வீட்டுப் பெண் யாரிடமும் கை நீட்டாமல் இருக்க வேண்டும். உங்கள் நிதி அந்த நாற்பது நாளுக்கு நிற்கட்டும். அதற்கு ஒரு லட்சம் போதும். ஒரே ஆண்டில் மூன்று வீட்டுக்கும் உங்களால் கொடுக்க முடியும்.

‘தரப்படும்’ என்று எழுதாதீர்கள்

சந்தா வாங்கிக்கொண்டு, இறந்தால் இவ்வளவு தருவோம் என்று உறுதி கொடுப்பதற்குச் சட்டத்தில் பெயர் இன்சூரன்ஸ் தொழில். 1938ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டப்படி பதிவு பெறாத யாரும் அதைச் செய்யக் கூடாது. ஆகவே நிதிக்கு நீங்கள் எழுதப்போகும் துணைவிதியில் (நடைமுறை விதிகளில்) ‘உறுப்பினர் இறந்தால் 5 லட்சம் வழங்கப்படும்’ என்ற வரி வேண்டாம். ‘நிதி இருப்பைப் பொறுத்து, குழுவின் முடிவுப்படி, குடும்பத்துக்கு உதவி வழங்கலாம். ஒரு குடும்பத்துக்கு இருப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது’ என்று எழுதுங்கள். விதியில் இப்படி எழுதிவிட்டு வாட்ஸ்அப் ஆடியோவில் “கண்டிப்பா அஞ்சு லட்சம், நான் பொறுப்பு” என்று பேசினால், அந்த ஆடியோதான் சாட்சிக்கு வரும்.

திருப்பித் தருவது இதைவிட ஆபத்து. ஊர் திரும்பும்போது கட்டியதைக் கூட்டித் தருவோம் என்று சொன்ன நிமிடமே சந்தா டெபாசிட் ஆகிவிடுகிறது. முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019இல் வந்தது. அப்படிப் பணம் வாங்கினாலே 2 முதல் 7 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் முதல் 10 லட்சம் வரை அபராதம். சேரச் சொல்லி அழைத்தவருக்கும் 1 முதல் 5 ஆண்டு வரை உண்டு. மகளிர் குழுக்கள் சேமித்துத் திருப்பித் தருகின்றனவே என்று கேட்காதீர்கள். சுய உதவிக் குழுக்களுக்கு, அரசு வைக்கும் உச்சவரம்புக்குள், அந்தச் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. உங்களுக்கு அந்த விலக்கு இல்லை. யாரோ ஏலச்சீட்டாக மாற்றலாம் என்று யோசனை சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவில்லாமல் சீட்டு நடத்துவதும் குற்றம்தான். கட்டியது கட்டியதுதான், திரும்பாது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். சிலர் விலகுவார்கள். விலகட்டும்.

கடன் கொடுக்கும் வேலையும் மனை வாங்கும் வேலையும் இந்த நிதிக்கு வேண்டாம். வட்டிக்குக் கொடுத்தால் வட்டிக்கடைச் சட்டம் வரும், உங்களில் பாதிப் பேருக்கு மார்க்கமும் இடம் தராது. வட்டியில்லாத அழகிய கடனாகவே கொடுத்தாலும் வசூலிப்பது யார்? கடன் கேட்டு வாசலில் போய் நிற்பவரும் சாவுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. ஒருவர் பெயரில் பொதுப் பணத்தில் மனை வாங்கினால் அது பினாமிச் சொத்து. 2016 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 1 முதல் 7 ஆண்டு வரை சிறையும், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு. கடற்கரைச் சாலையோரம் இப்படி வாங்கிப் போட்ட மனைக்காக அண்ணன் தம்பிகளே எதிரெதிர் வக்கீல் வைத்து நிற்பதை வாரந்தோறும் பார்க்கிறேன்.

அங்கே வசூல் வேண்டாம்

நீங்கள் நல்ல காரியம் செய்கிறீர்கள், அதனால் அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில்தான் எனக்கு அதிகக் கவலை. அமீரகத்தில் 2021ஆம் ஆண்டின் 3ஆம் எண் கூட்டாட்சிச் சட்டப்படி, அனுமதி பெற்ற அமைப்புகளைத் தவிர வேறு யாரும் நன்கொடை திரட்டக் கூடாது. சமூக ஊடகத்தில் பணம் கேட்டுச் செய்தி போடுவதை அதே ஆண்டு வந்த சைபர் குற்றச் சட்டமும் தண்டிக்கிறது. சவூதியிலும் குவைத்திலும் அனுமதியில்லாத வசூலுக்கு இடமில்லை. ‘இது நன்கொடையில்லை, சந்தா’ என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என நம்பி இறங்காதீர்கள். வெள்ளிக்கிழமை கேம்ப்பில் நோட்டோடு உட்கார்ந்து காசு வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடும் நினைவூட்டல்களையும் நிறுத்துங்கள். அங்கேயே அமைப்பாக இயங்க வேண்டுமென்றால் ஷார்ஜாவிலும் அபுதாபியிலும் அனுமதியோடு நடக்கும் இந்தியச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் குடைக்குள் என்ன செய்யலாம் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

பணம் சேர வேண்டிய இடம் இந்தியா. ஒவ்வொருவரும் தன் கணக்கிலிருந்து, தன் பெயரில், இங்கே பதிவான சங்கத்தின் கணக்குக்கு அனுப்ப வேண்டும். மாதா மாதம் 20 திர்ஹம் எக்ஸ்சேஞ்சில் அனுப்பினால் அனுப்பும் கூலியே சந்தா அளவுக்கு ஆகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை 240 திர்ஹம் என்று வையுங்கள். இல்லாவிட்டால் அவரவருடைய என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கிலிருந்து யூபிஐ வழியாகப் போடலாம். அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் எண்களில் இதற்கு வழி இருக்கிறது.

உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் வழியில், போட்டுவிட்டால் அன்றைக்கே சேர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம் கடற்கரையில் உண்டியல் என்பது பழகிப்போன சொல், வீட்டு வாசலில் பணம் வந்து நிற்கும் என்பதும் உண்மை. ஆனால் அது அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறுவது, தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் வரும். அதோடு, யார் எவ்வளவு அனுப்பினார் என்பதற்குத் தாளே இருக்காது. போன தடவை ஊரில் எழுந்த பேச்சுக்குக் காரணம் அந்தத் தாள் இல்லாமல் போனதுதானே.

இனி மலேசியக் குடியுரிமை வாங்கிய அந்த 9 பேர். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால், நம் ஊரிலேயே பிறந்தவரானாலும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) வைத்திருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டுப் பணம். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் உங்கள் சங்கம் அதில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அங்கே ஒரு சங்கம் பதிவு செய்து அதன் கணக்கிலிருந்து அனுப்பினாலும் இதே சிக்கல்தான். அவர்களை வருத்தப்படுத்தாமல் சொல்லுங்கள், “மாமா, சட்டம் இப்படி இருக்கிறது, உங்கள் பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம்” என்று. கஷ்டப்படும் வீடு சொந்த வீடாக இருந்தால் உறவுக்காரராக அந்த வீட்டுக்கு நேரடியாக வங்கியில் அனுப்ப அவர்களுக்குத் தடையில்லை.

சங்கமாகப் பதிவு செய்யுங்கள்

அறக்கட்டளையா சங்கமா என்று கேட்டால், உங்களுக்குச் சங்கம்தான் பொருத்தம் என்பேன். அறக்கட்டளையில் அறங்காவலர்கள் சொல்வதுதான் முடிவு. சங்கத்தில் கட்டிய 112 பேருக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் கையெழுத்திட்டால் ராமநாதபுரத்தில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும், அவர்கள் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டித் தணிக்கை செய்த கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். இதில் சோம்பல்பட்டுத்தான் நல்ல சங்கங்கள் பல செத்துப்போகின்றன. சங்கத்துக்கென்று பான் அட்டை, வங்கிக் கணக்கு, மூவரில் இருவர் கையெழுத்து. கையெழுத்துப் போடுகிறவர்கள் ஊரில் இருப்பவர்களாக இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் நீங்கள் உறுப்பினராக இருந்து கணக்கைக் கேளுங்கள்.

ஜமாஅத் கணக்கு வேண்டாம். பள்ளிவாசல் கணக்கு வக்ஃப் (மார்க்க அறச்சொத்து) கணக்கு, அதில் வேறு நோக்கத்துக்கான பணத்தைக் கலப்பது இரண்டுக்குமே கெடுதல். படகுக்குப் போன பிள்ளைகளின் வீட்டார் தங்களுக்கும் உரிமையுள்ள இடமென்று அங்கே வந்து கணக்குக் கேட்பார்களா? இது எல்லோருடைய நிதி, எல்லோரும் படியேறும் இடத்தில் இருக்கட்டும். ஜமாஅத் தலைவரும் ஊர்த் தலைவரும் பங்குத்தந்தையும் முதல் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால் அதுவே பெரிய பலம்.

வரியைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். உறுப்பினர் சந்தாவில் மிஞ்சுவது பொதுவாக வருமானம் ஆகாது, வங்கியில் கிடைக்கும் வட்டி ஆகும். பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது அதுதான். உதவி பெறும் வீட்டுக்கு, உறவல்லாதவரிடமிருந்து ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது வருமானம் என்பது பொது விதி. வேறு வருமானம் இல்லாத குடும்பத்துக்கு ஒரு லட்சத்தால் வரி கட்டும் நிலை வராது. ஆனாலும் காசோலையாகவோ கணக்குக்கோ கொடுத்து, எதற்காகக் கொடுத்தோம் என்று தீர்மானம் எழுதி வையுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்துவிடுங்கள்.

பணம் யார் கைக்கு

இறந்தவருடைய கிராஜுவிட்டி, சம்பளப் பாக்கி, வங்கிச் சேமிப்பு எல்லாம் அவர் விட்டுப்போன சொத்து. அதை மனைவி, பிள்ளைகள், தாய் என்று வாரிசுகள் சட்டப்படி பிரித்துக்கொள்வார்கள். அதற்குக் கடன்காரரும் வரலாம். சங்கம் தரும் உதவி அப்படியில்லை. அது இறந்தவரின் பணமாக ஒருநாளும் இருந்ததில்லை. பின்தங்கி நிற்கும் வீட்டுக்குச் சங்கம் தன் பணத்தைத் தருகிறது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பங்கில்லை, அண்ணனுக்கும் இல்லை. துணைவிதியில் இதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள்: ‘உதவி வழங்கினால் அது மனைவியின் தனிக் கணக்குக்கே போக வேண்டும்.’ உறுப்பினர் படிவத்தில் மனைவியின் வங்கிக் கணக்கு எண்ணையும் கேளுங்கள். திருமணமாகாதவரானால் தாயின் கணக்கு. கணக்கே இல்லாத வீடு எத்தனை என்று அப்போதுதான் உங்களுக்குத் தெரியும். அந்த வீடுகளில் முதலில் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். ஓராண்டுச் சந்தா வாங்குவதைவிட இது முக்கியம்.

பெண்களை இழுக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பெரியவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, இந்த ஒன்றில் அவர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. வளைகுடாவுக்குப் போனவர் வீட்டில் ரேஷன் கடை, வங்கி, பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ் எல்லாவற்றுக்கும் நடப்பது பெண்கள்தான். சாவு நடந்த வீட்டுக்குள் போய், அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, “கையில் எவ்வளவு இருக்கிறது” என்று கேட்க ஒரு பெண்ணால்தான் முடியும். குழுவில் பாதி பேராவது பெண்களாக இருக்கட்டும்.

உடலை அனுப்பிய செலவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி கைவிரித்துவிட்டதால் நாங்களே போட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அமீரகத் தொழிலாளர் சட்டப்படி அந்தச் செலவு முதலாளியுடையது. விசா யார் பெயரில் இருந்ததோ அவரிடம் முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். முதலாளி கிடைக்காவிட்டால் தூதரகத்தில், வசதியில்லாதவர்களுக்காக 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. இரண்டு கதவையும் தட்டிய பிறகுதான் சங்கப் பணத்தைத் தொட வேண்டும்.

கிராஜுவிட்டியை உடனே பாருங்கள். முதல் ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். 2024 திருத்தத்துக்குப் பிறகு, வேலை முடிந்து 2 ஆண்டுக்குள் கேட்டாக வேண்டும். ஒன்றேகால் ஆண்டு ஓடிவிட்டது. வாரிசுச் சான்றும் அமீரகத்தில் செல்லுபடியாகும் முத்திரையோடு அதிகாரப் பத்திரமும் (பவர் ஆஃப் அட்டர்னி) தயாராக மூன்று மாதம்கூட ஆகலாம். பத்திரத்தை அந்தச் சகோதரி யார் பெயருக்குத் தருகிறார் என்பதை அவரே முடிவு செய்யட்டும். ‘கிராஜுவிட்டி பெற மட்டும்’ என்று எழுதி, பணம் அவர் கணக்குக்கே போக வேண்டும் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கையில் இருக்கும் 6,40,000

இப்போதே உங்களை மீறி நடக்கக்கூடியவை சில உண்டு. உங்கள் கணக்கைத் தொட்ட நூற்றுக்கணக்கான சின்னப் பரிமாற்றங்களில் ஒன்று ஏதாவது மோசடி வழக்கோடு தொடர்புபட்டிருந்தால் கணக்கை முடக்கி வைப்பார்கள். உங்களுக்கே ஏதாவது ஆகிவிட்டால், இறைவன் காக்கட்டும், அது உங்கள் சொத்தாகக் கருதப்பட்டு உங்கள் மனைவி 112 பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார். ஆகவே அதிலிருந்து எடுக்கவோ அதில் போடவோ வேண்டாம். நோட்டை வைத்துப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவரிடமும் ‘என் பங்கைப் பதிவாகும் சங்கத்துக்கு மாற்றச் சம்மதம்’ அல்லது ‘திருப்பித் தரவும்’ என்று கையெழுத்து வாங்குங்கள். பென்சிலில் எழுதிய இருவர் உட்பட. திருப்பிக் கேட்டவர்களுக்கும் மலேசியாக்காரர்களுக்கும் வங்கி வழியாகவே திருப்பிவிட்டு, மீதியைச் சங்கக் கணக்கு தொடங்கிய அன்றே மாற்றுங்கள்.

மே மாதம் விடுப்பில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல நேரம். ஜீவன் ஜோதிப் பிரீமியத்தை வங்கிகள் மே இறுதியில் பிடிக்கும், ஜூன் 1 முதல் அடுத்த ஓராண்டுக்குக் காப்பு. அதற்கு முன் ஊரில் ஒருநாள் எல்லா வீட்டுப் பாஸ்புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்லி, வயதுக்குள் இருப்பவர் எல்லோரையும் சேர்த்துவிடுங்கள். பிறகு சங்கப் பதிவுக்கு வாருங்கள். ஆதார் நகல், முகவரிச் சான்று, சங்க அலுவலகமாகக் காட்டும் வீட்டின் உரிமையாளர் சம்மதக் கடிதம், சங்கத்துக்கு மூன்று மாற்றுப் பெயர்கள் தேவைப்படும்.

கையெழுத்திட 6 பேரை எழுதியிருக்கிறீர்கள், ஏழாமவர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை என்கிறீர்கள். அஜ்மானில் போனவரின் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸ் படிகளில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தார், எந்தத் தாளை எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் ஊரில் அவரைவிட வேறு யாருக்கும் தெரியாது. அவர் சம்மதித்தால் அவருடைய ஆதார் நகலையும் சேர்த்து எடுத்து வாருங்கள்.